விவாகரத்துப் பத்திரம்: எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது?

(மலையகத்திலிருந்து வந்து ஓமந்தைப் பகுதியில் குடியேறிய குடும்பங்களின் கூட்டத்தில் எமது நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை. தோட்டங்களில் உள்ள வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



இன்றைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட விசயம் கொஞ்சம் சங்கடமானது. விவாகரத்து என்ற சொல்லைச் சபையில் எடுத்தாலே சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "நம்ம குடும்பத்துல எதுக்குங்க அந்தப் பேச்சு?" என்பார்கள். யாரையும் பிரிந்து போகச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஏற்கனவே பிரிந்தவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். பிரிந்ததற்கான பத்திரம் கையில் இல்லாமல் அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் படுகிற பாட்டை நாங்கள் பார்க்கிறோம். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

இந்தப் பத்திரம் எதற்குத் தேவை? மறுபடி கல்யாணம் பதிய விவாகப் பதிவாளரிடம் போனால், முன்பு கல்யாணம் முடித்தவரா என்று கேட்பார். ஆமாம் என்றால் அது எப்படி முடிந்தது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தோட்டத்தில் வேலை செய்தவர் இறந்துபோனால் ஊழியர் சேமலாப நிதிக் காசுக்கு "நான்தான் பெண்சாதி" என்று இரண்டு பேர் வந்து நிற்பது உண்டு. வன்னியில் காணி அனுமதிப்பத்திரம், வீட்டுத்திட்டம் என்று வரும்போதும் இதே கேள்விதான். அந்த நேரத்தில் லயத்துச் சனம் முழுக்க வந்து சாட்சி சொன்னாலும் கந்தோரில் கேட்பது ஒரேயொரு கடதாசியைத்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் ஓர் அக்கா கல்யாணம் முடித்து ரெண்டு பிள்ளைகளோடு இருந்தார் என்று வையுங்கள். புருசன் விட்டுட்டுப் போய்விட்டார். "கோர்ட்ல கேஸ் போட்டு எல்லாம் முடிச்சாச்சு" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அக்காவும் நம்பிவிட்டார். பிறகு வவுனியாவுக்கு வந்து இன்னொருவரோடு வாழ்ந்து, இருபது வருசம் கழித்து அந்த மனிதர் இறந்தபோதுதான் கேள்வி வந்தது. முதல் கல்யாணம் சட்டப்படி முடிந்ததா? முடியாவிட்டால், இரண்டாவது கல்யாணத்தைப் பதிந்திருந்தாலும் சட்டம் அதை ஏற்காது. நமது விவாகப் பதிவுச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முதல் கல்யாணம் சட்டப்படி முடியாமல் செய்கிற மறு கல்யாணம் செல்லாது என்று அதிலே தெளிவாக இருக்கிறது. தெரிந்துகொண்டே அப்படிச் செய்தால் தண்டனைச் சட்டக் கோவையின்படி 7 வருசம் வரை சிறையும் கிடைக்கலாம். ஆள் அனுப்பிச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பினதால் வந்த வினை இது.

எவையெல்லாம் விவாகரத்து ஆகாது?

இதிலேதான் நம்ம ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். வீட்டுப் பெட்டியில் என்ன கடதாசி இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

பொலிசில் "இனி நாங்கள் சேர்ந்து வாழவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்த முறைப்பாட்டுத் துண்டு விவாகரத்து அல்ல.

மத்தியஸ்த சபையில் பேசி எழுதின இணக்கப் பத்திரமும் விவாகரத்து அல்ல. தோட்டத் தலைவரும் கோயில் பெரியவர்களும் கூடிப் பேசித் தாலியைக் கழற்றி வாங்கியதும் அப்படித்தான். நொத்தாரிசு முன்னால் ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் கல்யாணம் முடியாது.

தாபரிப்பு வழக்குத் தீர்ப்பும் விவாகரத்து அல்ல. பிள்ளைச் செலவுக்கும் பெண்சாதி செலவுக்கும் காசு கேட்கிற வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் நடக்கும். இப்போது அது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நடக்கிறது. "கோர்ட்டுக்குப் போனோம், மாசா மாசம் காசு கட்டச் சொன்னாங்க, அதோட முடிஞ்சது" என்று பலர் நினைக்கிறார்கள். கல்யாணம் அப்படியே இருக்கிறது.

"ஏழு வருசம் பிரிஞ்சிருந்தா கட்டுத் தானா அறுந்துபோயிடும்" என்று ஒரு பேச்சும் உண்டு. எத்தனை வருசம் பிரிந்திருந்தாலும் நீதிமன்றம் சொல்லாமல் கல்யாணம் முடியாது.

பதிவே செய்யவில்லை, தாலி மட்டும்தான் கட்டினோம் என்பவர்களும் கவனமாக இருங்கள். பதிவு என்பது கல்யாணத்துக்கு மிகச் சிறந்த சாட்சி. ஆனால் பதியாத கல்யாணத்தையும், சம்பிரதாயப்படி நடந்து ஊரறிய வாழ்ந்திருந்தால், நீதிமன்றம் கல்யாணமாக ஏற்பது உண்டு. "பதியலை, அதனால ஒண்ணுமில்ல" என்று தானாக முடிவு கட்டாமல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

முதல் தீர்ப்பும் முடிவான தீர்ப்பும்

நம்மைப் போன்ற பொதுச் சட்டத்தின் கீழ் கல்யாணம் முடித்தவர்களின் விவாகரத்து வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில்தான் நடந்திருக்கும். முஸ்லிம் மக்களுக்குக் காதி நீதிமன்றம். கண்டியச் சட்டப்படி கல்யாணம் முடித்த சிங்கள மக்களுக்கு மாவட்டப் பதிவாளரிடம் வேறு முறை. இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பை இரண்டு படியாகத் தரும். முதலாவதை 'டிக்ரி நைசை' என்பார்கள். அதைச் சொல்லிக் குறைந்தது 3 மாதம் போன பிறகு, தக்க எதிர்ப்பு இல்லாவிட்டால், 'டிக்ரி அப்சலூட்' என்ற முடிவான தீர்ப்பு வரும். கல்யாணம் முடிவது இந்த இரண்டாவது தீர்ப்போடுதான். முதல் தீர்ப்பைக் கேட்டதும் "கேஸ் வென்றாச்சு" என்று வீட்டுக்கு வந்து, பிறகு அந்தப் பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெட்டியில் இருப்பது முதல் தீர்ப்பு மட்டும். ஆகவே கேட்கும்போது "முடிவான விவாகரத்துத் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதி" என்று சொல்லிக் கேளுங்கள். ஏட்டில் முதல் தீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது என்று தெரியவந்தால் பயப்பட வேண்டாம். சட்டத்தரணி மூலம் அதே வழக்கில் மனுக் கொடுத்து மேற்கொண்டு செய்ய வேண்டியதைக் கேட்கலாம்.

எந்த நீதிமன்றம்?

தேடும் வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும். கல்யாணம் எங்கே பதிந்தது என்பதைப் பார்த்து அங்குள்ள நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் பலர். அது சரியான வழி அல்ல. கல்யாணப் பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கும். விவாகரத்து வழக்கைப் போட்டிருக்கக்கூடிய இடம் வேறு. வழக்குப் போட்டவர் வசித்த இடம், அல்லது எதிராளி வசித்த இடம், அதற்குரிய மாவட்ட நீதிமன்றத்தில்தான் அது இருக்கும்.

நம்ம சனத்துக்கு இது முக்கியமான விசயம். 1958, 1977, 1981, 1983 கலவரங்களாலும், எழுபதுகளில் தோட்டங்களில் வந்த பஞ்சத்தாலும் மலைநாட்டை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வந்தவர்கள் நாம். ஒருவர் தோட்டத்திலேயே இருக்க மற்றவர் இங்கே வந்த குடும்பங்கள் நிறைய. எனவே வழக்குப் போட்ட வருசத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், அவர் எங்கே இருந்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் ஓமந்தையிலும் அவர் பண்டாரவளையிலும் இருந்தால் வவுனியா, பண்டாரவளை இரண்டு நீதிமன்றத்திலும் கேட்க வேண்டும். கண்டி, நுவரெலியா, ஹற்றன், பதுளை என்று அவர் இருந்த இடத்தைப் பொறுத்து மாறும். நீதிமன்ற எல்லைகளும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. இன்றைக்கு உங்கள் தோட்டம் ஒரு நீதிமன்றத்துக்குள் இருந்தாலும், அன்றைக்கு வேறொன்றுக்குள் இருந்திருக்கலாம். "அந்த வருசத்தில் இந்த இடம் எந்தக் கோர்ட்டுக்குள் இருந்தது?" என்று நீதிமன்றப் பதிவாளர் கந்தோரிலேயே கேட்கலாம்.

போவதற்கு முன் சேர்க்க வேண்டியவை

ஒன்று, இருவரின் முழுப் பெயர். விவாக அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளபடி எழுதுங்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர் என்று நம்மிடம் மூன்று பெயர் இருக்கும். தகப்பன் பெயர் முன்னால் சில இடத்தில், பின்னால் சில இடத்தில். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். ஏட்டில் வேறு எழுத்தில் பதிந்திருக்கலாம்.

இரண்டு, கல்யாணம் பதிந்த திகதி, இடம், பதிவிலக்கம். விவாக அத்தாட்சிப் பத்திரம் தொலைந்திருந்தால் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுக்கலாம். முதலில் இதை எடுத்துவிட்டால் மற்ற வேலை சுலபம்.

மூன்று, வழக்கு நடந்த வருசம். சரியாகத் தெரியாவிட்டால் "சின்னவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருசம்" என்று பிள்ளைகளின் வயதை வைத்துக் கணக்குப் பாருங்கள். முன்னே ரெண்டு, பின்னே ரெண்டு வருசம் சேர்த்துத் தேடச் சொல்லலாம்.

நான்கு, வழக்கு இலக்கம். இது இருந்தால் தேடுவது கொஞ்ச நேர வேலை. பிஸ்கால் கொண்டுவந்து தந்த அழைப்பாணையில் இருக்கும். தவணை எழுதித் தந்த துண்டிலோ, சட்டத்தரணி தந்த பற்றுச்சீட்டிலோ இருக்கும். இலக்கத்தோடு எழுத்து ஏதும் சேர்ந்திருந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள். அன்றைக்கு வழக்குப் பேசிய சட்டத்தரணி இப்போது இல்லாவிட்டாலும், அவருடைய கந்தோரை எடுத்து நடத்துகிறவரிடம் பழைய கோப்பு இருக்கலாம்.

ஐந்து, உங்கள் தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும்.

எப்படிக் கேட்பது?

வழக்கில் தரப்பாக இருந்தவர், அல்லது அவருக்காக ஒரு சட்டத்தரணி கேட்பதுதான் வழமை. பிள்ளைகளோ வேறு உறவினரோ கேட்பதென்றால், அவருக்கும் வழக்குக்கும் என்ன தொடர்பு, எதற்காகத் தேவை என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். இறந்தவருடைய வழக்கென்றால் மரண அத்தாட்சிப் பத்திரமும், உறவைக் காட்டும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் கொண்டுபோங்கள்.

கடிதத்தை இப்படி எழுதலாம்:

"பதிவாளர், மாவட்ட நீதிமன்றம், ............ ஐயா / அம்மணி, ............ ஆம் ஆண்டளவில் இந்நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில் நான் வழக்காளி / எதிராளி ஆவேன். வழக்கு இலக்கம் ............ (தெரிந்தால்). வழக்காளியின் பெயர் ............ எதிராளியின் பெயர் ............ விவாகம் பதிந்த திகதியும் இடமும் ............ இவ்வழக்கின் முடிவான விவாகரத்துத் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதி எனக்குத் தேவைப்படுகிறது. தேவைக்கான காரணம் ............ உரிய கட்டணத்தைச் செலுத்துகிறேன். இப்படிக்கு, ............"

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் "கிடைத்தது" என்று திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி போகும்போது அதைக் காட்டினால் திரும்ப முதலிலிருந்து கதை சொல்லத் தேவையில்லை. காசு கட்டினால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாசலில் நின்று "அம்மா, நான் எடுத்துத் தாறன், காசைத் தாங்க" என்று சொல்கிறவர்களிடம் காசும் கொடுக்காதீர்கள், மூலப்பத்திரமும் கொடுக்காதீர்கள். பழைய வழக்கேடு பதிவறையில் கட்டிவைத்திருப்பார்கள். அன்றைக்கே கிடைக்காது. எப்போது வரட்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

பிரதி கைக்கு வந்ததும் அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். பெயர் சரியா? முடிவான தீர்ப்பா? திகதி இருக்கிறதா? நீதிமன்ற முத்திரையும் பதிவாளர் கையெழுத்தும் இருக்கிறதா? மலைநாட்டு நீதிமன்றங்களில் தீர்ப்பு சிங்களத்தில் இருக்கும். வடக்கில் தமிழில் இருக்கும். பதுளையில் எடுத்த சிங்களப் பிரதியை இங்கே காட்டவேண்டியிருந்தால், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் தமிழில் பெயர்த்து, மூலத்தோடு சேர்த்து வையுங்கள்.

செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த அரச நிறுவனம் அது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவுவதற்காகவே இருக்கிறது. வவுனியாவிலும் அதன் கந்தோர் உண்டு.

யுத்த காலத்துப் பத்திரங்கள்

ஓமந்தையில் நின்று பேசும்போது இதைச் சொல்லாமல் போக முடியாது. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும் இந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் வவுனியா நீதிமன்றத்துக்கு வரவேண்டும். 2006 ஆகஸ்டில் பாதை மூடுப்பட்டது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் 1993 முதல் 2009 வரை புலிகள் நடத்திய நீதிமன்றங்களில் குடும்ப வழக்குகளைத் தீர்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாத காலம் அது. அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு நாட்டின் சட்டத்தில் இடமில்லை. அதைக் கொண்டுபோனால் விவாகப் பதிவாளர் ஏற்கமாட்டார். அந்தக் கடதாசியை மட்டும் வைத்திருப்பவர்கள் புதிதாக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் விவாகரத்தைப் பெற வேண்டும். ஏற்கனவே மறு கல்யாணம் முடித்திருந்தால் ஒளித்துவைக்காமல் சட்டத்தரணியிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

கணவர் காணாமற்போன தங்கைமாருக்கு இன்னொரு சொல். ஆள் காணாமற்போனார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி கொடுக்கப்படுகிறது. அது மரணச் சான்றிதழும் அல்ல, விவாகரத்தும் அல்ல. உதவித்தொகைக்கும் சொத்து அலுவலுக்கும் அது பயன்படும். மறுமணம் என்று வந்தால் சட்ட ஆலோசனை எடுத்த பிறகே அடி எடுத்து வையுங்கள்.

நீதிமன்றத்தில் தேடியும் வழக்கேடு கிடைக்கவில்லை என்றால், "தேடினோம், கிடைக்கவில்லை" என்பதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அதோடு மற்றத் தரப்பிடமும் பழைய சட்டத்தரணியிடமும் உள்ள பிரதிகளைத் தேடுங்கள். அவற்றை வைத்து மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று சட்டத்தரணி சொல்வார்.

கடல் கடந்து நடந்த வழக்கு

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பம் பிரிந்து, ஒரு பாதி நீலகிரிக்கும் ஒரு பாதி இங்குமாக ஆனவர்கள் உண்டு. அங்கே வழக்கு நடந்திருந்தால் அந்த ஊரின் குடும்ப நல நீதிமன்றத்தில் அல்லது சார்பு நீதிமன்றத்தில் நகல் கேட்டு மனுப்போட வேண்டும். பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள் என்றால் அங்கே ஒரு வசதி இருக்கிறது. 1858 முதல் முடிவான விவாகரத்துகளின் பெயர்ப்பட்டியலை ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தக் கோர்ட் என்று தெரியாவிட்டாலும் பெயரையும் வருசத்தையும் கொடுத்துத் தேடச் சொல்லலாம். இங்கே நமக்கு எந்த நீதிமன்றம் என்று தெரிந்தால்தான் வழி பிறக்கும். அதனால்தான் அந்த விவரத்தை இப்போதே எழுதி வையுங்கள் என்கிறோம். வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா என்பதைப் பயன்படுத்துவதற்கு முன் சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள்.

முடிவாக

தாய்மாரே, பத்திரம் தேடப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இந்த வயசுல கோர்ட்டுப் படி ஏறுறதா?" என்று கேட்கிறவர்கள் நாளைக்கு உங்கள் பிள்ளைக்குப் பதில் சொல்ல வரமாட்டார்கள். பழைய சட்டத்தரணியும் நீங்களும் இருக்கும்போதே கேட்டால் நினைவில் இருந்தாவது சொல்லலாம். நீங்கள் கண்மூடிய பிறகு, சேமலாப நிதிக் காசுக்காகவோ ஒரு துண்டுக் காணிக்காகவோ, பிள்ளைகள் இருட்டில் துழாவ வேண்டிவரும்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு கொப்பித் தாளை எடுங்கள். இருவர் பெயர், கல்யாணம் பதிந்த இடம், பிரிந்த வருசம், அந்த நேரம் இருவரும் இருந்த ஊர், வழக்குப் பேசியவர் பெயர், இந்த ஐந்தையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். எங்கள் கந்தோருக்குக் கொண்டுவந்தால் கடிதம் எழுதித் தர நாங்கள் உதவுவோம். நீங்கள் சொல்லும் குடும்ப விசயம் எங்களைத் தாண்டிப் போகாது. பத்திரம் கைக்கு வந்ததும் ரெண்டு பிரதி எடுத்து, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்பதை மூத்த பிள்ளையிடம் சொல்லுங்கள்.